தரப்படுத்தலைக் கண்ட பெற்றோரும் ஸ்காபரோவில் பிறந்த பிள்ளைகளும்: கேள்வி பதில்

கனடாவில் குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வெற்றியை எதைக் கொண்டு அளக்கின்றன என்பது பற்றிய கேள்விகளுக்கு, புதிதாக வருவோருக்கு நெடுங்காலமாக ஆலோசனை வழங்கிவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஐயா, நான் டொரொன்டோ நகரின் ஸ்காபரோவில் பிறந்தவள். வரலாறு படிக்க விரும்புகிறேன். மருத்துவத்தையும் பொறியியலையும் தவிர வேறெதையும் அப்பா படிப்பாகவே கருதுவதில்லை. இது வெறும் ஊர்ப் பெருமைதானா?

பதில்: பெருமையும் உண்டு மகள். ஆனால் அதைவிடப் பெரிதாக இருப்பது இழந்துவிடுவோம் என்ற அச்சம். வற்றாத ஆறில்லாத, காணி சுருங்கிக்கொண்டே போன யாழ்ப்பாணத்தில் படித்து அரசாங்க உத்தியோகம் பெறுவதே ஒரு குடும்பம் நிமிர்வதற்கான வழியாக இருந்தது. "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில (அரசாங்கத்தில்) மேய்க்க வேணும்" என்று முன்னோர் சொன்னது அதனால்தான். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் அந்த வழியை அடைக்கத் தொடங்கியது. எஞ்சியிருந்த வழியான பல்கலைக்கழகத்துக்கும் 1971இல் தரப்படுத்தல், அதாவது பரீட்சை எழுதிய மொழிக்கேற்ப வெவ்வேறு தகுதிப் புள்ளிகளை விதிக்கும் முறை, வந்தது. மருத்துவ பீடத்துக்குச் சிங்களத்தில் பரீட்சை எழுதியவருக்கு 229 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழில் எழுதியவர் 250 பெற வேண்டியிருந்தது. அது பின்னர் மாவட்ட ஒதுக்கீடாக மாறியபோதும் யாழ்ப்பாண மாணவரின் நெருக்கடி தீரவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983இல் கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. காணியையும் கடையையும் விட்டு ஓடியவர்களுக்கு, எவராலும் பறிக்க முடியாத சொத்து பட்டம் ஒன்றே என்று தோன்றியதில் வியப்பில்லை.

கொடுமை என்னவென்றால், அந்தப் பட்டமும் பலருக்கு இங்கே செல்லுபடியாகவில்லை. ஊரில் வைத்தியராக இருந்தவர்கள் மீண்டும் பரீட்சை எழுதி, பயிற்சி இடத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். சிலர் அந்தத் தொழிலுக்குத் திரும்பவே இல்லை. ஆகவே "எனக்கு இது பிடிக்கும்" என்பது மட்டும் அப்பாவின் அச்சத்துக்குப் பதிலாகாது. வரலாறு படித்தபின் சட்டம், ஆசிரியத் தொழில், ஆவணக் காப்பகம் ஆகியவற்றில் எதை நோக்கிச் செல்ல எண்ணுகிறீர்கள் என்று விளக்கமாகச் சொல்லுங்கள். அவர் கேட்பது பாதுகாப்பைத்தான்.

கேள்வி: என் மகன் எலக்ட்ரீஷியனாக நன்றாக உழைக்கிறான். ஆனாலும் கலியாண வீடுகளில் அவன் என்ன செய்கிறான் என்று கேட்டால் தயங்குகிறேன். நான் இரண்டு வேலை செய்தது இதற்காகவா?

பதில்: பகலில் தொழிற்சாலையிலும் இரவில் உணவகச் சமையலறையிலும் உழைத்த நம்மில் பலருக்கு, உடலுழைப்பு என்பது பிள்ளைகளுக்கு வரக்கூடாத ஒன்றாகவே மனத்தில் பதிந்துவிட்டது. நீங்கள் அந்த வேலைகளைச் செய்தது வேறு வழியில்லாமல். உங்கள் மகன் ஒன்ராறியோவில் ஏறக்குறைய 9,000 மணிநேரப் பயிற்சி முடித்து, பரீட்சையில் தேறி, தாமே விரும்பிச் செய்கிறார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது அவருக்குச் செய்யும் அநீதி. மேலும், கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணும் இந்தத் தயக்கத்தில் ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த சாதிப் பார்வைக்கும் பங்குண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அதையும் பிள்ளைகளின் தோளில் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: லண்டனிலுள்ள பெரியம்மா குடும்பம் பிள்ளைகளை இவ்வளவு நெருக்குவதில்லையே, ஏன்?

பதில்: அவர்கள் எப்போது, எவ்வாறு சென்றார்கள் என்று பாருங்கள். 1983க்கு முன் பிரித்தானியாவுக்குச் சென்றவர்களில் பலர் மாணவர்களாகவும் தொழில்வல்லுநர்களாகவும் சென்றவர்கள். 1986இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழரைப் போல வந்தவர்களுக்கு, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

கேள்வி: அப்பாவுக்கு டொரொன்டோவுக்கு அருகே மார்க்கம் நகரில் சொந்த வீடு இருக்கிறது. ஆயினும் தாம் எதையும் சாதிக்கவில்லை என்று அடிக்கடி சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: மூத்த பிள்ளையாக வந்தவராக இருப்பார் என்று ஊகிக்கிறேன் தம்பி. அப்படி வந்தவர்களின் உழைப்பு முதலில் தம்மை வெளிநாட்டுக்கு அனுப்பிய முகவருக்குக் கொடுக்கப் பட்ட ஏஜென்சிக் கடனுக்கும், பிறகு தங்கைமாரின் சீதனத்துக்கும், தம்பிமாரை அழைப்பிப்பதற்கும் போயிற்று. அவர் ஈட்டியதில் பெரும்பங்கு மற்றவர்களின் வாழ்க்கையாக மாறிவிட்டதால், தமக்கென்று எண்ணிப் பார்க்கும்போது அது அவர் கணக்கில் வருவதில்லை. யாரை எந்த ஆண்டு அழைத்தார், எந்தச் சீட்டை எடுத்து அந்தப் பணத்தைக் கட்டினார் என்று அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பேச்சுக்குச் சித்தப்பாமாரையும் அத்தைமாரையும் அழையுங்கள்; அவர் சொல்லாமல் விடுபவற்றை அவர்கள் சொல்வார்கள்.