நாலு நிறத்தில் ஒரு தார்சா

நெல்லைப் பக்கத்துப் பழைய வீடுகளின் உட்புறத்தை, அதிலும் தார்சா என்னும் கூடத்தை, குறைந்த நிறங்களில் தீட்டுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: அண்ணாச்சி, எந்த நாலு பெயின்ட் டியூப் வாங்கணும்?

பதில்: யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), வெர்மிலியன் (பளிச்சென்ற சிவப்பு), ஐவரி பிளாக் (கருப்பு), வெள்ளை. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் நிறக்கூட்டு இது. அசல் வெர்மிலியன் பாதரசச் சரக்கு. அதற்குப் பதில் கேட்மியம் ரெட் லைட் போதும். வெள்ளையை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள், முதலில் தீர்வது அதுதான்.

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரில் சுண்ணாம்போடு நீலம் கலந்து அடித்திருக்கிறார்கள். நீலமே இல்லாமல் எப்படி அண்ணாச்சி?

பதில்: ஐவரி பிளாக்கில் வெள்ளை சேர்த்தால் வரும் சாம்பல் கொஞ்சம் நீலச்சாயல் உள்ளது. தனியாகப் பார்த்தால் வெறும் சாம்பல்தான். பக்கத்தில் சிவப்புத் தரை வந்ததும் கண் அதை நீலமாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் சுவரைத் தொடுவதற்கு முன் தரையைத் தீட்டிவிடுங்கள்: வெர்மிலியன், ஓக்கர், கருப்பு ஒரு துளி. அப்புறம் சுவரின் அடிப்பக்கத்தில் தரையின் சிவப்பைக் கொஞ்சம் கலக்க மறக்காதீர்கள். வெயில் தரையில் பட்டு மேலே தெறிக்கும்போது சுவரும் லேசாகச் சிவக்கும். பலர் இதை விட்டுவிடுவதால்தான் சுவர் ஓரிடம், தரை ஓரிடம் என்று படம் பிரிந்து நிற்கிறது.

கேள்வி: முற்றத்து வெயிலுக்கு வெள்ளை வைத்தால் சுண்ணாம்பு கொட்டியது மாதிரி இருக்கு.

பதில்: வெள்ளை கூடக் கூட நிறம் வெளிறும், சூடும் (மஞ்சள், சிவப்புச் சாயலும்) குறையும். அதில் ஓக்கர் சேருங்கள். சுற்றியுள்ள தார்சாவை இன்னும் இருட்டாக்குங்கள்; வெயில் தானாகத் தெரியும். சந்தேகம் வந்தால் படத்தைச் செல்போனில் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பாருங்கள். அதில் வெயில் தெரியாவிட்டால் எந்த நிறமும் உதவாது.

கேள்வி: கதவு கிளிப்பச்சை அண்ணாச்சி!

பதில்: வராது தம்பி. ஓக்கரும் கருப்பும் சேர்ந்தால் பாசிப்பச்சைதான். எனக்கென்னவோ அந்தக் கதவுக்கு அதுவே அழகு. கிளிப்பச்சைதான் வேண்டும் என்றால் லெமன் யெல்லோவும் ஒரு நீலமும் எடுக்கணும், அது வேறு கூட்டு.

கேள்வி: விரித்துக் கிடக்கும் பத்தமடைப் பாயை எப்படிக் காட்ட?

பதில்: ஓக்கரும் வெள்ளையும் போதும். கோரையை ஒவ்வொன்றாக இழுக்காதீர்கள். நம் பக்கத்து ஓரத்தில் நாலைந்து கோடு, மற்றது ஒரே பூச்சு.

கேள்வி: இதையே வாட்டர்கலரில் செய்யலாமா?

பதில்: செய்யலாம். வெள்ளை டியூப் வேண்டாம், காகிதம்தான் வெள்ளை. வெயில் விழும் இடத்தை முதலிலேயே பென்சிலால் குறித்து ஒதுக்கிவிடுங்கள்.