ஞானதிருஷ்டி உள்ளவர்கள் பழம்புதையலைத் தேடிப் போகும் சாகசத் திரில்லர்களில் பெரும்பாலானவை ஏன் பாதியில் அலுத்துவிடுகின்றன?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொரு தகவலையும் சேர்த்திருக்கிறார். தாமே அப்படியொரு நாவலை எழுதத் தொடங்கியிருக்கிறாராம். ஐந்தாம் அத்தியாயத்துக்கு மேல் கதை நகர மறுக்கிறதாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இந்த வகைக் கதைகளை நான் விடாமல் படிப்பவன். பழைய கல்லறை, தொலைந்த நகரம், மூழ்கிய கப்பல், எதுவானாலும் சரி. ஒரு நாணயத்தைத் தொட்ட மாத்திரத்தில் அதன் வரலாற்றைச் சொல்லும் பெண்ணோ, கண்ணை மூடினால் பாலைவனத்தைப் பார்க்கும் கிழவரோ குழுவில் இருந்தால் புத்தகத்தைக் கையில் எடுத்துவிடுவேன். எடுத்தவற்றில் பலவற்றைப் பாதியில் மூடியும் வைத்திருக்கிறேன். அவற்றில் எல்லாம் சக்தி தப்புவதே இல்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் அந்தப் பெண் நாணயத்தைத் தொடுகிறாள். மலை தெரிகிறது, குகை தெரிகிறது, குகைக்குள் கதவும் தெரிகிறது. அதற்குப் பிறகு என்ன மிச்சம்? விமானம், ஜீப், துப்பாக்கிச் சண்டை. புதையல் இருக்கும் இடம் உறுதியாகத் தெரிந்துவிட்டால் மீதிக் கதை வெறும் போக்குவரத்து ஏற்பாடு.

எழுதுகிறவர்களுக்கும் இந்த ஓட்டை தெரியும் போலிருக்கிறது. அடைக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு காட்சி தெரியும்போதும் அவளுக்கு மூக்கில் ரத்தம் வழியும், தலை வெடிக்கும், ஆயுள் குறையும். அது சக்திக்கு அவள் கொடுக்கும் விலை. விலை எவ்வளவு கூடினாலும் வாசகனுக்கு ஐயம் வருவதில்லை. அவள் சொன்ன இடத்தில் புதையல் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். "இவள் சொல்வது சரிதானா?" என்று குழுவிலிருக்கும் ஒருவராவது ராத்தூக்கம் இல்லாமல் புரள வேண்டும். அவளே புரண்டால் இன்னும் நல்லது.

நிஜத்தில் இப்படி முயன்றவர்களின் வரலாற்றைப் படித்துப் பார்த்தால், ஐயத்துக்கு வேண்டிய கச்சாப்பொருள் அங்கே கொட்டிக் கிடக்கிறது. சக்தி உண்மையா பொய்யா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் தொல்லை தீராது என்பதுதான் சுவாரசியம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1930களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன் அதீதப் புலனாற்றலைச் சோதிக்க ஒரு சீட்டுக்கட்டைப் பயன்படுத்தினார். வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடுகள், சதுரம், நட்சத்திரம் என ஐந்து வடிவங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து என மொத்தம் 25 சீட்டுகள். கண்ணை மூடிக்கொண்டு யார் ஊகித்தாலும் சராசரியாக ஐந்து சரியாக வரும். ஒருவர் நூற்றுக்கணக்கான சுற்றுகளில் சராசரியாக ஏழு சரியாகச் சொல்கிறார் என்று வையுங்கள். தற்செயல் என்று தள்ளவே முடியாது, ஆய்வுக்கூடமே அதிரும். அதே மனிதரை அகழாய்வுக்கு அழைத்துப் போங்கள். ஐந்து மேடுகளில் ஒன்றின் அடியில் புதையல் இருக்கிறது. வெறும் ஊகம் 20 சதவீதம் பலிக்கும்; இவர் சொன்னால் 28 சதவீதம். உலகமே வியக்கும் சக்தியாளரின் பேச்சைக் கேட்டு மண்வெட்டியைப் போட்டாலும், நான்கில் மூன்று தடவைக்குக் கொஞ்சம் குறைவாக வெறும் மண்தான் வரும். ஒவ்வொரு தவறான குழிக்கும் கூலி, உரிமம், மழைக்கு முன் முடிக்க வேண்டிய நெருக்கடி. இந்த 28 சதவீத நாயகியை வைத்து ஒரு நாவலை இன்னும் யாரும் எனக்குத் தரவில்லை.

அடுத்தது தொலைக்காட்சி ஆய்வு. வீட்டில் இருக்கும் பெட்டி இல்லை. தொலைவில் உள்ளதை மனத்தால் பார்ப்பதாகச் சொல்லப்படும் வித்தை. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் 1972 இல் ரஸல் டார்க், ஹெரால்டு புத்தாஃப் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இதைத் தொடங்கினார்கள். அமெரிக்க உளவுத்துறை பணம் கொடுத்தது. பல பெயர்களில் நடந்து, கடைசியில் 'ஸ்டார்கேட்' என்ற பெயருடன் 1995 இல் இழுத்து மூடப்பட்டது. மூடுவதற்கு முன் இரண்டு நிபுணர்களிடம் மதிப்பீடு கேட்டார்கள். புள்ளியியலாளர் ஜெஸிகா அட்ஸ், முடிவுகள் தற்செயலைத் தாண்டி நிற்கின்றன என்றார். உளவியலாளர் ரே ஹைமன், அதை வைத்துச் சக்தி நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது என்றார். உளவு வேலைக்கு இது உருப்படியாகப் பயன்பட்டதே இல்லை என்பது அறிக்கையின் முடிவு.

நாவலாசிரியருக்கு அந்த முடிவைவிட முக்கியமானது, அங்கே இங்கோ ஸ்வான் முதலியவர்கள் வகுத்த ஒரு விதி. பார்ப்பவர் தான் உணர்வதை மட்டும் சொல்ல வேண்டும்: குளிர்ச்சி, சொரசொரப்பு, வளைவு, மேலிருந்து விழும் ஒளி, ஈரம். பெயர் வைக்கக் கூடாது. "இது கிணறு" என்று சொன்ன நொடியில் மனம் கிணற்றுக்குரிய மற்றவற்றையெல்லாம் தானே வரைந்து சேர்த்துவிடும். அதன்பின் வருவது காட்சியா கற்பனையா என்று அவருக்கே தெரியாது. இதை ஒரு காட்சியாக நினைத்துப் பாருங்கள். பூட்டிய அறை. அவள் கையில் பென்சில். தாளில் ஒரு வளைகோடு, அதன் கீழே சாய்வாக நான்கு கோடுகள். "குளிர்கிறது. கல். கீழே இறங்குகிறது." எதிரே இருப்பவர் பொறுமையிழந்து, "படிக்கட்டா?" என்று கேட்டுவிடுகிறார். அவ்வளவுதான், கெட்டது. அவள் இனிப் பார்ப்பதெல்லாம் படிக்கட்டுதான். அந்த ஒரு சொல்லால் குழு இருநூறு பக்கங்கள் தவறான பள்ளத்தாக்கில் அலையலாம். துரோகியும் தேவையில்லை, துப்பாக்கியும் தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்த நிஜக் கதை இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி மடத்தில் நடந்தது. எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1539 இல் மடம் கலைக்கப்பட்டது. கடைசி மடாதிபதி ரிச்சர்டு வைட்டிங் தூக்கிலிடப்பட்டார். கட்டடத்தின் கற்களை ஆளுக்கு ஆள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுமார் நான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, இடிபாடுகளை அகழும் பொறுப்பு ஃபிரெடரிக் பிளை பாண்ட் என்ற கட்டடக் கலைஞருக்கு வந்தது. மனிதர் தேவாலயக் கட்டடக்கலையில் கைதேர்ந்தவர். ஆனால் 1907 இலேயே அவர் வேறொரு வேலையும் செய்திருந்தார். ஜான் பார்ட்லெட் என்ற நண்பர் பென்சிலைப் பிடித்துக்கொள்வார்; பாண்ட் தம் விரல்களை அந்தக் கையின் மேல் லேசாக வைத்துக்கொள்வார். பென்சில் தானாக ஓடும். லத்தீனும் பழைய ஆங்கிலமும் கலந்த வாசகங்கள் வந்தன; மடத்தின் வரைபடமும் வந்தது. அதில் தேவாலயத்தின் கிழக்குக் கோடியில் நீளமாக ஒரு சிற்றாலயம். எழுதுவது இறந்துபோன துறவிகள் என்று இருவரும் நம்பினார்கள்.

பாண்ட் கிழக்குப் பக்கம் தோண்டினார். எட்கர் சிற்றாலயத்தின் அடித்தளம் கிடைத்தது. எப்படித் தெரிந்தது என்பதை வெளியே சொல்லாமலே வேலையைத் தொடர்ந்தார். 1918 இல் எல்லாவற்றையும் நூலாக எழுதி வெளியிட்டார். மடத்தின் இடம் அப்போது இங்கிலாந்துத் திருச்சபையின் கையில் இருந்தது. அவர்களுக்கு இது எப்படிப் பிடிக்கும்? சில ஆண்டுகளில் அகழாய்வு அவர் கையைவிட்டுப் போனது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மடம் கலைக்கப்பட்ட காலத்தில் வாழ்ந்த ஜான் லேலண்டு என்ற அறிஞர், தேவாலயத்தின் கிழக்குக் கோடியில் எட்கர் சிற்றாலயம் இருந்ததை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார். பாண்ட் போன்ற படிப்பாளி அதைப் படிக்காமல் இருந்திருப்பாரா? துறவிகள் சொன்னார்களா, அல்லது எப்போதோ படித்தது அடிமனத்தில் கிடந்து பென்சில் வழியே வெளியே வந்ததா? இரண்டுக்குமே அடித்தளம் சாட்சி சொல்கிறது. சக்தி பலித்த பிறகும் ஐயம் சாகவில்லை, பாருங்கள். கூடவே, உண்மையைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் பொய்யனாக வாழ வேண்டும் என்ற நிலையில் ஒரு மனிதர் பத்தாண்டுகள் கழித்திருக்கிறார். வில்லன் வேண்டும் என்பதற்காகத் தனித்தீவும் தனியார் படையும் வைத்திருக்கும் கோடீஸ்வரரை இழுத்து வருபவர்கள், ஓர் அகழாய்வுக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிக்குறிப்பைப் படித்தால் போதும்.

சரி, தெரியும் காட்சி முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு தடை இருக்கிறது: காலம். சாக்கடல் ஓரத்தில் கும்ரான் குகையொன்றில் 1952 இல் செப்புச் சுருள் ஒன்று கிடைத்தது. அரித்துப்போயிருந்ததால் விரிக்க முடியவில்லை. மான்செஸ்டருக்குக் கொண்டுபோய்க் கீற்றுக் கீற்றாக அறுத்துத்தான் படித்தார்கள். உள்ளே அறுபதுக்கும் மேற்பட்ட புதையல் இடங்களின் பட்டியல். முதல் குறிப்பு ஏறத்தாழ இப்படிப் போகிறது: ஆகோர் பள்ளத்தாக்கிலுள்ள இடிபாட்டில், கிழக்குப் பக்கம் உள்ள படிகளின் கீழே, நாற்பது முழத்தில், ஒரு வெள்ளிப் பெட்டி. இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியுமா? ஆனால் எந்த இடிபாடு, எந்தப் படி? இன்றுவரை அந்தப் பட்டியலை வைத்து யாரும் பெட்டியைத் தூக்கவில்லை. எழுதியவனின் கண்ணுக்கு எதிரே படிகள் இருந்தன, நமக்கு இல்லை.

ஞானதிருஷ்டிக்கும் இதே கதிதான். அவள் கடந்த காலத்தைப் பார்க்கிறாள் என்றால், பார்ப்பது அன்றைய ஆற்றை, அன்றைய கரையை, அன்றைய மரத்தை. ஸ்டீஃபன் ஷ்வார்ட்ஸ் என்பவர் 1979 இல் இப்படிப்பட்ட ஆற்றல் உள்ளவர்களை எகிப்தின் அலெக்ஸாண்டிரியாவுக்கு அழைத்துப் போனார். அங்கே பழைய அரச வளாகத்தின் பெரும்பகுதி நிலநடுக்கத்திலும் நிலம் தாழ்ந்ததிலும் கடலுக்குள் போய்விட்டது. மனக்கண்ணில் தூண்கள் நிமிர்ந்து நிற்கலாம். முக்குளிப்பவனின் கையில் தட்டுப்படுவது சேறு. அதோடு அது போன்ற நகரத்தில் எங்கே தோண்டினாலும் ஏதாவது ஒன்று வரும். வந்ததை வைத்துச் சக்தி பலித்தது என்று சொல்லிக்கொள்ளவும் முடியும், இல்லை என்று மறுக்கவும் முடியும். இதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த ஒரு போலியைக் கதையில் நுழைத்துப் பாருங்கள்.

ஒன்றுமே வராமல் போனதற்கு உதாரணம் உத்தரப் பிரதேசத்தின் தௌண்டியா கேரா. 1857 எழுச்சிக்குப் பின் தூக்கிலிடப்பட்ட அரசர் ராவ் ராம் பக்ஷ் சிங்கின் கோட்டைக்கு அடியில் 1,000 டன் தங்கம் இருப்பதாக ஒரு சாது கனவு கண்டார். 2013 அக்டோபரில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. நிலத்தடியில் ஏதோ வித்தியாசமாக இருப்பதாகப் புவியியல் ஆய்வுத் துறை சொல்லியிருந்ததும் இதற்குக் காரணம். ஒரு மாதம் போல வேலை நடந்தது; பழைய செங்கல் சுவர், மட்பாண்டத் துண்டுகள் முதலியவை வந்தன, தங்கம் வரவில்லை. கனவையும் கருவியையும் ஒரே குழிக்குள் தள்ளிய அந்த ஒரு மாதத்தில் கூட்டம், கேமராக்கள், அரசியல், உரிமைச் சண்டை என்று ஒரு முழு நாவல் இருக்கிறது.

அந்த 1,000 டன்னைப் பார்த்ததும் இன்னொரு புலம்பலும் நினைவுக்கு வருகிறது. எழுதுகிறவர்கள் தங்கத்தை எடை போட்டே பார்ப்பதில்லை. ஒரு லிட்டர் தங்கம் 19 கிலோவுக்கு மேல். இரண்டடி நீளம், ஒன்றே கால் அடி அகலம், அதே உயரம் உள்ள பெட்டியில் நாணயங்களைக் கொட்டி நிரப்பினால் ஒரு டன்னைத் தொடும். நாயகன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கயிற்றுப் பாலத்தில் ஓடும்போது புத்தகத்தை மூடாமல் வேறு என்ன செய்வது?

பொறிகளும் அப்படித்தான். ஈராயிரம் ஆண்டு பழைய கயிறு எந்தக் கல்லையும் உருட்டிவிடாது. அது எப்போதோ மக்கியோ இற்றோ போயிருக்கும். மூடிக் கிடந்த குழிக்குள் உண்மையில் ஆளைக் கொல்வது காற்று. கனடாவின் ஓக் தீவில் 1795 முதல் புதையல் தேடுகிறார்கள். 1965 இல் அங்கே ஒரு குழிக்குள் விஷவாயு தாக்கி ஒருவர் விழுந்தார். காப்பாற்ற இறங்கியவர்களும் விழுந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆபத்தை உங்கள் ஞானதிருஷ்டிக்காரி முன்கூட்டி உணர்வாளா, மாட்டாளா? முடிவெடுத்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் ஐந்தாம் அத்தியாயத்துக்கு வருகிறேன். அவள் நாணயத்தைத் தொடட்டும். குகையைக் காட்டாதீர்கள். அந்த நாணயத்தைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தவனின் உள்ளங்கை வியர்வையையும், அவன் காதில் விழுந்த தண்ணீர்ச் சத்தத்தையும் மட்டும் கொடுங்கள். அவன் புதையலைப் புதைத்தவனா, திருடியவனா, வழியில் கண்டெடுத்தவனா என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். குழுவில் ஒரு தொல்லியலாளரை வையுங்கள், அவரை முட்டாளாக்காதீர்கள். இந்த வகைக் கதைகளில் ஐயப்படுபவர் எப்போதும் தோற்பதற்கென்றே படைக்கப்படுகிறார், அது எனக்கு எரிச்சல். அவர் சொல்லும் மாற்று விளக்கம் ஒவ்வொரு தடவையும் அவளுடையதற்குச் சமமாகப் பொருந்த வேண்டும். தண்ணீர்ச் சத்தம் என்றதும் அவர் வரைபடத்தில் மூன்று இடங்களைக் காட்டுவார். ஒன்றில் ஆறு வற்றி எண்ணூறு ஆண்டுகள் ஆகியிருக்கும். தோண்டப் பணம் ஓரிடத்துக்குத்தான் இருக்கிறது. ஆறாம் அத்தியாயத்தை அங்கிருந்து தொடங்கலாம்.