தனியாக, தனிமையில், ஒண்டியாக: எதை எங்கே சொல்வது?

“‘தனியாக இருக்கிறேன்’, ‘தனிமையில் இருக்கிறேன்’ இரண்டும் ஒன்றா? ‘ஒண்டியாக’ என்பது இவற்றின் பேச்சு வடிவமா?” என்பது கேள்வி.

ஒன்றல்ல. ‘தனி’ என்றால் ‘ஒரே ஆள்’ என்று எடுத்துக்கொள்வதில்தான் குழப்பமே தொடங்குகிறது. ‘தனி’யின் அடிப்படைப் பொருள் மற்றவற்றிலிருந்து பிரிந்து நிற்பது. தனிக்குடித்தனம் போகிறவர்கள் கணவன் மனைவி இருவர். கூட்டுக்குடும்பத்தை விட்டுப் பிரிகிறார்கள், அவ்வளவுதான். “உங்ககிட்ட கொஞ்சம் தனியா பேசணும்” என்றாலும் அங்கே இருக்கப்போவது இரண்டு பேர். “இருவரும் தனிமையில் சந்தித்தனர்” என்று எழுதுவது இதனால்தான் பிழையாவதில்லை.

ஒண்டி, ஒத்தை இரண்டும் எண்ணிக்கையைச் சொல்பவை. ஒற்றைதான் பேச்சில் ஒத்தையானது. “ஒண்டியா வந்தான்”, “ஒத்தையில கிடக்கா” என்றால் ஆள் ஒருவர்தான். “ரெண்டு பேரும் தனியா வந்தாங்க” என்பதற்கு இரண்டு பொருள் வரும்: கூட்டத்தை விட்டு இருவரும் சேர்ந்து வந்தார்கள், அல்லது ஆளுக்கொரு வழியாக வந்தார்கள். இரண்டாவதைச் சொல்ல வேண்டுமானால் ‘தனித்தனியா’ என்று இரட்டித்துவிடுங்கள். குடும்பம் இல்லாத ஆள் ஒண்டிக்கட்டை. ஆனால் ஒண்டுக்குடித்தனத்தை இதோடு சேர்க்காதீர்கள். அது ‘ஒண்டு’ என்ற வினையிலிருந்து, அதாவது ஒதுங்கி இடம்பிடிப்பதிலிருந்து வந்தது. ஒரே வீட்டுக்குள் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்வதைக் குறிப்பது.

யாழ்ப்பாணப் பேச்சில் ‘தனிய’ என்பார்கள்: “வீட்டில தனிய இருக்கிறன்.” யாருமே துணைக்கு இல்லை என்று அழுத்திச் சொல்ல எல்லா இடத்திலும் தன்னந்தனி உண்டு.

அடுத்தது தனிமை. “கடைக்குத் தனியாகப் போனாள்” சரி; “தனிமையாகப் போனாள்” ஒட்டாது. ‘தனியாக’ செயல் நடந்த விதத்தைச் சொல்கிறது, ‘தனிமை’ ஒரு நிலை. இன்றைய எழுத்தில் அந்த நிலைக்கு வருத்தம் ஏறியிருக்கிறது: தனிமை வாட்டுகிறது, தனிமையைப் போக்க நாய் வளர்க்கிறார். குறளில் அப்படிக் கட்டாயமில்லை. போர்க்களத்தில் கைவிட்டு ஓடும் குதிரை போன்றவர்களின் உறவைவிட “தனிமை தலை”, அதாவது தனிமையே மேல் என்கிறது 814ஆம் குறள். அதே நூலில் 229ஆம் குறள், பிறர்க்குக் கொடாமல் “தாமே தமியர் உணல்”, அதாவது தாம் மட்டும் தனித்து உண்பது, இரப்பதைவிடக் கொடியது என்கிறது. அந்தத் ‘தமியர்’ இன்று பேச்சில் இல்லை. கடிதத்திலோ கட்டுரையிலோ போட்டால் வேஷம் கட்டியதுபோல் தெரியும், மரபுக்கவிதைக்குப் பொருந்தும். விரும்பி நாடும் அமைதியான தனிமைக்கு ஏகாந்தம் பொருத்தமான சொல். கைவிடப்பட்ட முதியவரைப் பற்றி எழுதும்போது அதைப் போட்டால் கொடுமையாகிவிடும்.

பழம்பாடல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு சொல் புலம்பு. “புலம்பே தனிமை” என்பது தொல்காப்பியத்தில் சொற்பொருள் சொல்லும் உரியியல் பகுதியின் நூற்பா. இன்றைய பழக்கத்தில் அதை அழுது அரற்றுவதாகவே எடுத்துக்கொண்டால் பல சங்க வரிகள் தடம் மாறிப்போகும்.

எழுதும்போது ‘தனியாகப் பேசினார்’ என்பதில் ப் மிக வேண்டும். ‘தனிமைப்படுத்து’ ஒரே சொல். 2020 கொரோனாக் காலத்தில் செய்திகளில் இதன் இரண்டு வடிவங்களும் கலந்து வந்தன. தானாக ஒதுங்கியவர் ‘தன்னைத் தனிமைப்படுத்திக்கொண்டார்’. அதிகாரிகள் ஒதுக்கி வைத்தவர் ‘தனிமைப்படுத்தப்பட்டார்’.