எதையும் குறையில்லாமல் செய்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தை அன்றாட வாழ்க்கையில் எப்படி விடுவது?

நான்கு வரி மின்னஞ்சலை அனுப்புவதற்குள் பத்து முறை படித்துப் பார்ப்பதாகவும், அலமாரியை முழுவதுமாக ஒழுங்குபடுத்த நேரம் வாய்க்காததால் மாதக்கணக்கில் அதைத் தொடாமலே விட்டிருப்பதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். உங்களைச் சோம்பேறி என்று யாரேனும் சொல்லியிருப்பார்கள். நீங்களும் அதைப் பாதி நம்பியிருப்பீர்கள். அது சோம்பல் அல்ல. அரைகுறையாகச் செய்வதைவிடச் செய்யாமலே இருப்பது மேல் என்று மனம் போட்டு வைத்திருக்கும் கணக்கு அது. நான் உளவியல் படித்தவர் இல்லை. ஆனால் இந்தக் கணக்கால் திரும்பக் கிடைக்காத ஒன்றை இழந்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

என் அம்மா தம் சிறுவயதுக் கதைகளைச் சொல்லச் சொல்ல எழுதி வைப்பதென்று முடிவு செய்து, கெட்டி அட்டை போட்டுத் தைத்த நோட்டு ஒன்றை வாங்கினேன். அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது. எழுதும்போது ஓர் அடித்தல் விழுந்தாலும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவேன். தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால், தையலுக்கு மறுபுறம் இருக்கும் அதன் இணைத்தாளும் பிடிப்பை இழந்து, சில நாட்களில் தானாகக் கழன்று வந்துவிடும். கழன்ற தாளில் ஏற்கெனவே எழுதியிருந்தால் அதையும் வேறு பக்கத்தில் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும்போது ஒரு பிழை நேரும். அந்தத் தாளும் போகும். நோட்டு மெலிந்துகொண்டே வந்ததே தவிர, கதை நகரவில்லை.

தொடக்கத்தில் அம்மா தடையில்லாமல் பேசினார். பிறகு ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்தி என் பேனாவைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு நாள், "இதை எழுதாதே கண்ணு, நான் ஒழுங்கா யோசிச்சுட்டு அப்புறமா சொல்றேன்" என்றார். அந்த 'அப்புறம்' வரவேயில்லை. அவருக்கு அலுப்புத் தட்டிவிட்டது என்றே நினைத்திருந்தேன். சில மாதங்கள் கழித்து அக்காதான் சொன்னாள்: "நீ தாளைக் கிழிக்கிறப்போ, தான் ஏதோ தப்பாச் சொல்லிட்ட மாதிரி இருக்குன்னு அம்மா சொல்றாங்க." அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உளவியலாளர்கள் பால் ஹியூவிட், கார்டன் ஃப்ளெட் இருவரும் 1991-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த இயல்பை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று எண்ணி வாடுவது. நான் முதல் வகை என்றும், அதனால் யாருக்கும் தீங்கில்லை என்றும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். என் முதல் வகை, எதிரே உட்கார்ந்திருந்த என் அம்மாவை மூன்றாம் வகைக்குள் தள்ளியிருக்கிறது. என்னையே வருத்திக்கொள்கிறேன், மற்றவர்களுக்கு என்ன என்று நீங்களும் நினைப்பீர்களானால், நீங்கள் மின்னஞ்சலைப் பத்தாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யார் காத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

இந்தப் பழக்கத்தைப் பாராட்டியே வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்பு நான் வேலை பார்த்த அலுவலகத்தில், பிழையே இருக்காது என்ற காரணத்துக்காக மற்றவர்களின் அறிக்கைகளையும் மேலாளர் என் மேசைக்கே அனுப்புவார். ஆண்டு மதிப்பீட்டில் அதே மேலாளர் "வேகம் போதாது" என்று எழுதினார். பத்துப் பேரின் பிழைகளைத் திருத்திய நேரம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. இன்றுவரை அது ஆறவில்லை.

"அப்படியானால் எல்லாவற்றையும் ஏனோதானோ என்று செய்யச் சொல்கிறீர்களா? அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் இப்படி நினைத்தால் என்னாகும்?" என்று சிலர் கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இன்னும் சொல்லப்போனால், அந்த எடுத்துக்காட்டு என் பக்கம்தான் பேசுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கென ஒரு பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை அறிமுகப்படுத்தியது. அதன் 19 அம்சங்களை மயக்க மருந்து கொடுக்கும் முன்பும், கத்தி வைக்கும் முன்பும், நோயாளி அறையை விட்டு வெளியேறும் முன்பும் குழுவினர் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். எவ்வளவு தேர்ந்தவரும் மறக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டதால் பிறந்த ஏற்பாடு அது. உயிர் போகும் இடத்திலேயே ஒரு தனிமனிதரின் குறையின்மையை நம்பியிருக்கவில்லை என்றால், அலமாரிக்கு எதற்கு அது?

உயர்ந்த தரத்தை விரும்புவது நோயும் அல்ல. தீங்கு நேர்ந்துகொண்டிருப்பது தெரிந்தும், தன் மதிப்பு முழுவதையும் அந்தத் தரத்தை எட்டுவதிலேயே கொண்டுபோய்க் கட்டிவைப்பதுதான் நோய்க்கூறு என்று ராஸ் ஷாஃப்ரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2002-ல் வரையறுத்தார்கள். உறக்கமும் உணவும் கெடும் அளவுக்கு முற்றியிருந்தால், என்னைப் போன்றவர்களின் பதிலோடு நிறுத்தாமல் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

எனக்கு உதவியது, 'எங்கே நிறுத்துவது' என்பதை வேலையைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்வது. ஒரு மின்னஞ்சலை எழுதியபின் இரண்டு முறை படிப்பேன். மூன்றாவது முறை கிடையாது. அலமாரியில் இன்று ஒரு தட்டு மட்டும். தொடங்கிய பிறகு முடிவு செய்யலாம் என்று விட்டால் மனம் எல்லையைத் தள்ளிக்கொண்டே போகும். முதல் சில வாரங்கள் மூன்றாவது முறை படிக்காமல் அனுப்பிவிட்டு, கை நடுங்க உட்கார்ந்திருந்ததும் உண்டு. பெரும்பாலும் எதுவும் நடக்கவில்லை. இரண்டு முறை எழுத்துப் பிழை போனது, ஒருவரும் கேட்கவில்லை.

நோட்டு விஷயத்தில் ஒரே விதி: தாளைக் கிழிக்கக் கூடாது, அடித்தால் கீழே உள்ளதைப் படிக்க முடிகிறபடி ஒற்றைக் கோடாகத்தான் அடிக்க வேண்டும். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். முன்பு சொன்னவற்றில் சில கதைகள் இப்போது அவர் நினைவிலேயே இல்லை. நான் கிழித்த தாள்களில் மட்டும் இருந்தவை அவை. மழைநாள் ஒன்றைப் பற்றி, "அது மழையே இல்ல, வானமே எறங்கி வந்துச்சு" என்றார். பழக்கதோஷத்தில் அதை அடித்துவிட்டு "அன்று கனமழை பெய்தது" என்று எழுதினேன். மறுநாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்த அம்மா, கோட்டின் மேல் விரலை வைத்து, "இதை ஏன் அடிச்சே? நான் சொன்னது இதுதானே?" என்றார். கனமழையை அடித்துவிட்டு, அவர் சொன்னதை அதன் மேலேயே மறுபடி எழுதினேன். இப்போது அந்தப் பக்கத்தில் இரண்டு அடித்தல்கள் இருக்கின்றன.