மேனுவல் எழுதுகிறீர்களா? முதலில் வெர்ஷனைப் போடுங்கள்

கேள்வி: வீட்டில் சின்ன சிஎன்சி ரூட்டர் (கணினி சொல்கிறபடி மரம், பிளாஸ்டிக் வெட்டும் மெஷின்) வைத்திருப்பவர்களுக்காக, அதன் மோட்டார்களை ஓட்டும் ஜிஆர்பிஎல் போர்டை இயக்கும் இலவச மென்பொருள் ஒன்று எழுதியிருக்கிறேன். நாற்பது பக்க மேனுவல் கொடுத்தும் தினமும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. காசு கொடுத்து யாரிடமாவது எழுதி வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். எழுதித் தருகிறோம் என்று வருபவர்களில் பலர் மெஷினைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். மெனுவை ஒவ்வொன்றாகத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "சேவ் பட்டனை அழுத்தினால் சேவ் ஆகும்" என்று கீழே எழுதி, பக்கத்துக்கு இவ்வளவு என்று பில் போட்டுவிடுவார்கள்.

உங்கள் மேனுவலும் மெனு வரிசையில் போனால் அதே கதைதான். திரையில் 'எரர் 9' வந்து மெஷின் நகராமல் நிற்கிறவர் அந்த எண்ணைத்தான் தேடுவார். அவருக்கு அங்கேயே சொல்லுங்கள்: மெஷின் அலாரத்தில் பூட்டியிருக்கிறது, லிமிட் ஸ்விட்ச் (அச்சின் முனையில் இருக்கும் சுவிட்ச்) இருந்தால் ஹோம் பண்ணுங்கள், அதாவது மெஷினைத் தொடக்க இடத்துக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் கட்டர் எதிலும் முட்டி நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு பூட்டைத் திறக்கும் $எக்ஸ் கட்டளையைக் கொடுங்கள். மூன்று வரி போதும்.

அப்புறம் வெர்ஷன். போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் 0.8-இல் $0 என்ற செட்டிங், எக்ஸ் அச்சு ஒரு மி.மீ. நகர மோட்டாருக்கு எத்தனை ஸ்டெப் (சிறு அசைவு) வேண்டும் என்ற மதிப்பு. 0.9 முதல் அது $100-க்குப் போய்விட்டது, $0 ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் போர்டு அனுப்பும் பல்ஸின் நேரமாகிவிட்டது. பழைய மேனுவலைப் பார்த்து $0-இல் 250 என்று போடுகிறவருக்கு அளவும் திருந்தாது, ஒழுங்காக இருந்த பல்ஸும் கெடும். ஆனாலும் மெஷின் விற்கிறவர்கள் எங்கிருந்தோ எடுத்த பழைய பிடிஎஃப்-ஐ, அட்டைப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள். கேட்க ஆளே இல்லை, கடைசியில் திட்டு வாங்குவது மென்பொருள் எழுதியவர்தான்! அதனால் வெர்ஷனை அட்டையில் மட்டும் போடாமல் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போடுங்கள். போர்டை இணைத்ததும் வரும் முதல் வரியில் அதன் வெர்ஷன் இருக்கும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கணக்கு வரும் இடத்தில் சூத்திரத்தோடு நிறுத்தாதீர்கள். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், மைக்ரோஸ்டெப் 16 (ஒவ்வொரு ஸ்டெப்பும் 16 ஆகப் பிரியும்), திருகு ஒரு சுற்றில் 4 மி.மீ. நகர்த்தும் என்றால் 200 × 16 = 3200, 3200 ÷ 4 = 800. இதை $100-இல் போட்டுவிட்டு 50 மி.மீ. நகர்த்தி வெர்னியரில் அளக்கச் சொல்லுங்கள். 25 தான் நகர்ந்தது என்றால் அது 2 மி.மீ. திருகு, மதிப்பு 1600.

அங்குலத்தில் எழுதிய ஃபைலை மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் வேலை 25.4 மடங்கு சின்னதாக வரும். ஃபைலில் அங்குலம் என்று சொல்லும் ஜி20, மி.மீ. என்று சொல்லும் ஜி21 பற்றி ஒரு வரி போட்டால் போதும்.

எச்சரிக்கை எப்போதும் அந்த வேலைக்கு முன்னால் வரவேண்டும். ப்ரோப் என்பது பிட்டை (கட்டரை) ஒரு தட்டைத் தொடும்வரை இறக்கி உயரம் பார்ப்பது; தொட்டது மெஷினுக்குத் தெரிய கிளிப் மாட்டியிருக்க வேண்டும். "ப்ரோப் பட்டனை அழுத்துங்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் "கிளிப் மாட்டியிருக்க வேண்டும்" என்றால், அதைப் படிப்பதற்குள் பிட் ப்ரோப் தட்டில் இறங்கி உடைந்திருக்கும்.