குதிகால் வலியும் ஜெல் இன்சோலும்

கேள்வி: எனக்கு வயது 46. கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக இருப்பதால் நாள்தோறும் எட்டு, ஒன்பது மணி நேரம் சிமென்ட் தரையில் நின்றும் நடந்தும் வேலை பார்க்கிறேன். நான்கு மாதங்களாக வலது குதிகாலில் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. சற்று நடந்தால் தணிந்து, மாலையில் மீண்டும் வந்துவிடுகிறது. உள்ளங்கால் தசைநார்ப் பட்டையில் பாதிப்பு என்று கூறிய மருத்துவர், இன்சோல் போட்டுப் பார்க்கச் சொன்னார். இருப்பதிலேயே மிக மென்மையான ஜெல் இன்சோலை வாங்கி, கயிறில்லாத என் தோல் ஷூவுக்குள் வைத்தேன். முதல் வாரம் சுகமாக இருந்தது. இப்போது வலி பழையபடியே இருக்கிறது; போதாக்குறைக்கு ஷூ விரல்களைக் கடிக்கிறது, குதிகால் வெளியே வழுக்குகிறது. வேறொரு கடையில் பாதத்தைக் கருவியில் வைத்துப் பார்த்து, தட்டைப்பாதம் என்றும் அளவெடுத்துச் செய்யும் இன்சோல்தான் தீர்வு என்றும் சொல்கிறார்கள். விலையைக் கேட்டு மலைத்துப்போனேன். என்ன செய்யலாம்?

பதில்: அளவெடுத்துச் செய்யும் இன்சோலுக்குப் பணம் கட்டுவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளில் இரண்டுக்கு உங்கள் பாதம் பொறுப்பல்ல. பெரும்பாலான ஷூக்களில் வாங்கும்போதே மெல்லிய உள்விரிப்பு ஒன்று இருக்கும். அதை எடுக்காமல் அதன் மீதே புதிய இன்சோலை வைத்தால், உள்ளே இருக்கும் இடம் குறைந்து பாதம் மேலே எழும்புகிறது. விரல்கள் ஷூவின் மேற்புறத்தில் இடிக்கின்றன. குதிகாலும் தன்னைப் பிடித்துக்கொள்ள வேண்டிய பின்சுவரைவிட்டு உயர்ந்துவிடுவதால் வழுக்குகிறது. பழைய விரிப்பு கையோடு வருகிறதா என்று இழுத்துப் பாருங்கள். ஒட்டப்பட்டிருந்தால், முழுநீள இன்சோல் அந்த ஷூவுக்கு ஏற்றதல்ல. விரல்களுக்கு முன்பே முடிந்துவிடும் முக்கால் நீள இன்சோல் ஒருவேளை பொருந்தலாம்.

வலி ஏன் திரும்பியது என்பதற்கு வருவோம். குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரை ஓடும் தடித்த பட்டை ஒன்று, வில்லுக்கு நாண் போல, உள்ளங்கால் வளைவைத் தாங்கி நிற்கிறது. நாம் எடையை ஊன்றும் ஒவ்வொரு முறையும் வளைவு சற்றுத் தாழ, அந்தப் பட்டை இழுபடுகிறது. அந்த இழுவை குதிகால் எலும்போடு அது சேரும் இடத்தில்தான் அதிகம் விழுகிறது. இரவு முழுவதும் சுருங்கிக் கிடந்த பட்டை காலையில் திடீரென நீள்வதால்தான் முதல் அடியில் அப்படிக் குத்துகிறது. ஜெல் இன்சோல் குதிகாலுக்கு அடியில் விழும் அழுத்தத்தைப் பரவலாக்கும். அந்த வகையில் அது ஏமாற்று வேலை அல்ல. ஆனால் வளைவு தாழ்வதை அதனால் பெரிதாகத் தடுக்க முடியாது; எடை விழுந்ததும் நசுங்கி விலகிக்கொடுக்கிறது. மெமரி ஃபோம் எனப்படும் மிக மென்மையான நுரைப்பஞ்சுக்கும் இதே குறைதான். கடையில் நான்கு அடி நடந்து பார்க்கும்போது நம்மை மயக்கும் மென்மை, ஒன்பது மணி நேர நிற்றலுக்குத் துணையாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

உங்களுக்கு ஏற்றது, அடியில் ஓரளவு விறைப்பான தாங்கல், அதன் மேல் மெல்லிய மென்பரப்பு, குதிகாலுக்கு ஆழமான கிண்ணம் போன்ற குழிவு ஆகிய மூன்றும் உள்ள இன்சோல். குதிகாலுக்கு அடியில் இயற்கை வைத்திருக்கும் கொழுப்பு மெத்தை, வயது ஏறஏற மெலிவதோடு பக்கவாட்டிலும் பரவிவிடும். ஆழமான குழிவு அதைக் குவித்துக் குதிகாலின் கீழேயே நிறுத்துகிறது. வளைவுப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் தட்டையாகிவிட்டால் வைத்துவிடுங்கள். அதற்காகப் பலகைபோல் அசையாததையும் எடுக்க வேண்டாம். இன்சோலின் மேல் ஏறி நிற்கும்போது அதன் மேடு உங்கள் உள்ளங்கால் வளைவின் உச்சிக்கு நேராக அமைய வேண்டும். அட்டையில் அச்சிட்ட எண் உங்கள் ஷூ எண்ணோடு ஒத்திருந்தாலும், மேடு முன்தள்ளியோ பின்தள்ளியோ இருந்தால் அது உங்களுக்கானது அல்ல.

தட்டைப்பாதம் என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. பிறவியிலிருந்தே தட்டையான பாதத்தோடு எந்த வலியும் இல்லாமல் நடப்பவர்கள் ஏராளம். கடையில் உள்ள கருவி, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதைக் காட்டுமே தவிர, வலியின் காரணத்தைக் காட்டாது. விற்பவரே நோயையும் கண்டுபிடித்துச் சொல்லும்போது சற்று விலகி நின்று யோசிப்பது நல்லது. உங்களுக்கு இருப்பதாக மருத்துவர் கூறிய வகைக் குதிகால் வலியைப் பொறுத்தவரை, கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் நல்ல இன்சோலையும் அளவெடுத்துச் செய்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை. பாதத்தின் வடிவமே மாறியிருப்பவர்கள், முடக்குவாதத்தால் மூட்டுகள் பாதிக்கப்பட்டவர்கள், பெரியவரான பிறகு ஒரு பாதத்தின் வளைவு மட்டும் புதிதாகச் சரிந்தவர்கள் ஆகியோருக்கு அளவெடுத்துச் செய்வது பொருத்தமாக இருக்கலாம். அதுவும் மருத்துவரின் பரிந்துரையோடு. முதுகுவலி வராமல் காக்கும் என்று சொல்லி இன்சோல் விற்றால் நம்பாதீர்கள். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை.

எந்த இன்சோலும் அது கிடக்கும் ஷூ எப்படியோ அப்படித்தான் வேலை செய்யும். உங்கள் ஷூவின் முன்முனையையும் பின்முனையையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் அது வளைய வேண்டும். நடுவில் இரண்டாக மடிந்தால் அல்லது ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்க முடிந்தால், எத்தனை நல்ல இன்சோலை வைத்தும் பயனில்லை. பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் எளிதில் உள்ளே அமுங்கக் கூடாது. கயிறில்லாத ஷூவில் இன்சோலின் தடிமனுக்கு ஏற்பத் தளர்த்தவோ இறுக்கவோ வழியில்லை என்பதால், உங்கள் நிலையில் நான் முதலில் செலவழிப்பது கயிறு கட்டும், உள்விரிப்பு கழற்றக்கூடிய ஒரு ஷூவுக்குத்தான். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், புதிய இன்சோலைக் கையோடு எடுத்துச் சென்று உள்ளே வைத்தே போட்டுப் பாருங்கள். கிடங்கில் பாதுகாப்பு ஷூ கட்டாயம் என்றால், தயாரிப்பாளர் அனுமதிக்கும் இன்சோலைத்தான் போட வேண்டும். தடித்ததைத் திணித்தால் இரும்பு முனைக்குள் விரல்களுக்கு இடமிராது.

வெட்ட நேர்ந்தால் பழைய விரிப்பை மேலே வைத்துக் கோடிட்டு, விரல்பக்கம் மட்டும் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். குதிகால் பக்கம் கத்தரி படவே கூடாது. வலி ஒரு காலில் என்றாலும் இரண்டு ஷூவிலும் வையுங்கள், இல்லையென்றால் நடை கோணும். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என ஏற்றிக்கொண்டு போனால் ஒன்றிரண்டு வாரங்களில் பழகிவிடும். அதுவரை வளைவில் லேசான அயர்ச்சி இருப்பது இயல்பு. கூர்மையான வலி, கொப்புளம், மரத்துப்போதல் ஆகியவை இயல்பல்ல. அவை வந்தால் கழற்றிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டுக் கடினமான தரையில் வெறுங்காலோடு நடக்கிறீர்களா? அப்படியானால் பகலில் கிடைத்த ஓய்வு மாலையில் போய்விடும். உள்ளே அணிவதற்கென்று தடித்த அடியுள்ள செருப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே, விரல்களைக் கையால் பின்னோக்கி வளைத்துப் பத்து எண்ணும் வரை பிடித்து, பத்து முறை செய்யுங்கள். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும் இதோடு சேர வேண்டும். இந்த வலி பெரும்பாலோருக்கு அடங்கிவிடும் என்றாலும், அதற்குச் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரைகூட ஆகலாம்.

ஓய்விலும் இரவிலும் வலித்தால், குதிகால் வீங்கிச் சிவந்தால், பாதத்தில் எரிச்சலோ மதமதப்போ இருந்தால் மீண்டும் மருத்துவரிடம் செல்லுங்கள். உங்களுக்கு நீரிழிவு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்து, பாதத்தில் உணர்ச்சியும் குறைந்திருந்தால், மேலே சொன்ன விறைப்பான இன்சோலை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். வலி தெரியாத பாதத்தில் ஒரு சிறு மடிப்பு உரசினாலே புண்ணாகிவிடும்.

நல்ல நிலையில் உள்ள இன்சோலும் நாள் முழுதும் நிற்பவரிடம் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரைதான் உழைக்கும். வியர்வை உலர இரவில் வெளியே எடுத்து வைப்பதும், அழுக்கானால் சோப்பு நீரில் கையால் துடைத்து நிழலில் காயவைப்பதும் போதும். வாங்கிய தேதியை அதன் அடிப்பக்கத்தில் பேனாவால் எழுதிவைத்துவிடுங்கள்; மேல்பரப்பு புதிதுபோலவே தெரிந்தாலும் உள்ளே தாங்கல் அமுங்கிப்போயிருக்கும் காலத்தை அந்தத் தேதி உங்களுக்கு நினைவூட்டும்.