குளிருக்கும் மழைக்கும் பைக் கையுறை: வாசகர் கேள்விகள்

டிசம்பரில் கேமரன் மலை, ஜனவரியில் சியாங் மாய் வழியாக தோய் இந்தனோன். ஒரே கையுறை இரண்டுக்கும் போதுமா? (ஈசூன்)

போதாது. கேமரன் சுமார் 1,500 மீட்டர் உயரம், விடியற்காலையில் 15 டிகிரி அளவில் இருக்கும். அந்தப் பருவத்தில் அங்கே கையைப் பதம் பார்ப்பது மழை. நீர்புகாச் சவ்வு உள்ள மெல்லிய கையுறை எடுங்கள். பஞ்சு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இருந்தால் 40 கிராம் போதும். (ஒரு சதுர மீட்டர் பஞ்சின் எடையைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்.)

வடதாய்லாந்தின் ஜனவரி நேர்மாறு: மழை அரிது, காலைக் குளிர் நிஜம். 10 டிகிரியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வெற்றுத் தோலுக்கு அது 4 டிகிரி போலத் தெரியும். தோய் இந்தனோன் உச்சி 2,565 மீட்டர். சில விடியல்களில் புல்லில் உறைபனி படியும். இங்கே புறங்கையில் 100 முதல் 150 கிராம் பஞ்சு வேண்டும். உள்ளங்கையிலும் அதே தடிமன் இருந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். பிரேக், கிளட்ச் பிடியின் உணர்வு போய்விடும்.

எதை வாங்கினாலும் உள்ளே தைத்திருக்கும் சீட்டில் ஈஎன் 13594 என்ற ஐரோப்பியத் தர எண்ணைப் பாருங்கள். அதன் கீழே 1 அல்லது 2 என்று காப்பு நிலை இருக்கும். விரல்முட்டிக் காப்பும் சோதிக்கப்பட்டிருந்தால் கூடவே ‘கேபி’ என்ற எழுத்துகள் இருக்கும்.

‘தண்ணீர் புகாது’ என்று விற்ற கையுறை, தீவு விரைவுச்சாலையில் அரை மணி நேர மழையில் உள்ளே ஈரமாகிவிட்டது. ஏமாந்துவிட்டேனா? (செங்காங்)

கடைக்காரரிடம் போகுமுன் வாளியிடம் போங்கள். கையில் டிஷ்யூத் தாளைச் சுற்றிக் கையுறையை மாட்டி, மணிக்கட்டு விளிம்புக்கு மூன்று விரற்கடை கீழே வரை தண்ணீரில் 5 நிமிடம் வைத்து விரல்களை மடக்கி நீட்டுங்கள். தாள் ஓரிடத்தில் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்தால் சவ்வில் ஓட்டை. பெரும்பாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, அல்லது விரல் நுனியில்.

எல்லா இடமும் ஒரே மாதிரி பிசுபிசுத்தால்? அது உங்கள் வியர்வை. சிங்கப்பூரில் வரும் ‘ஒழுகுது’ புகார்களில் இதையும் சந்தேகிக்க வேண்டும். கோர்டெக்ஸ் போன்ற சவ்வு ஆவியை வெளியே தள்ளுவதற்கு, உள்ளே இருப்பதைவிட வெளிக்காற்று வறண்டும் குளிர்ந்தும் இருக்க வேண்டும். மழை நேரத்தில் நம் ஊர்க் காற்றில் அதற்கு இடமேது? அதே கையுறை மலையில் ஒழுங்காக வேலை செய்யும். உள்ளூர் மழைக்குப் பஞ்சு இல்லாததே சரி.

தண்ணீர் உள்ளே போகும் இன்னொரு வழி சட்டைக் கை. சாதாரண ஹேண்டில்பாரில் கை முழங்கையைவிடத் தாழ்ந்திருக்கும், தண்ணீர் கையோடு வழிந்து இறங்கும். ஆகவே கையுறை உள்ளே, மழைக்கோட்டின் கைப்பகுதி அதன் மேலே.

தாள் காய்ந்தே இருந்தும் கை சில்லென்று இருக்கிறதா? மேல்துணி தண்ணீரைக் குடித்துவிட்டது. காற்றில் அது ஆவியாகும்போது கைச்சூட்டை இழுக்கும். நீர்விலக்கும் ஸ்பிரே அடித்தால் துளிகள் மறுபடி உருண்டு ஓடும். துவைக்கும்போது துணி மென்மையாக்கி மட்டும் கூடாது.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கடப்பிதழ் எடுக்கக் கையுறையைக் கழற்றினால் உள்துணி விரலோடு வெளியே வந்துவிடுகிறது. (மார்சிலிங்)

ஈரக்கையால் ஒரே இழுப்பாக இழுத்தால் அப்படித்தான். வரிசையில் நிற்கும்போதே ஒவ்வொரு விரல் நுனியையும் சிறிது தளர்த்திவிட்டு, பிறகு கழற்றுங்கள். வந்த துணியை, முனை மழுங்கிய சாப்ஸ்டிக்கால் மெல்ல உள்ளே தள்ளலாம். குத்தினால் சவ்வு கிழியும். அடுத்த முறை வாங்கும்போது, சவ்வை மேல்தோலோடு ஒட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒட்டியதில் இந்தத் தொல்லை குறைவு, பிடியும் நன்றாக இருக்கும். விலைதான் கூடும்.

150 சிசி பைக். சூடாகும் கைப்பிடியா, சூடாகும் கையுறையா?

கைப்பிடி உள்ளங்கையை மட்டும் சுடவைக்கும். காற்று அடிப்பதோ புறங்கையில். காற்றைத் தடுக்கும் கைக்காப்பும் சேர்த்துப் போட்டால்தான் பலன். 12 வோல்ட் கையுறை ஒரு ஜோடி ஏறக்குறைய 25 முதல் 30 வாட் இழுக்கும். பகலிலும் முன்விளக்கு எரியும் சிறிய பைக்கில் அது சுமைதான். எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஓட்டும் வேகத்துக்கு எஞ்சினைச் சுழலவிட்டு பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வேண்டாம். தனி பேட்டரி வைத்த கையுறையே மேல். அதிக சூட்டில் இரண்டு மணி நேரம் தாங்கினால் நல்லது, ஆகவே மலையேற்றத்துக்கு மட்டும் போடுங்கள்.

அளவு எப்படிப் பார்ப்பது?

கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல்முட்டிகளைச் சுற்றி அளவுநாடா வையுங்கள். கடையில் கைப்பிடியைப் பிடிப்பதுபோல் மடக்கினால் விரல் நுனிக்கு முன்னால் அரை சென்டிமீட்டர் மிஞ்ச வேண்டும். இறுக்கமானால் பஞ்சு நசுங்கும், ரத்த ஓட்டம் குறையும். தடித்த கையுறைக்குள்ளும் விரல் விறைக்கும். உபியிலோ காக்கி புக்கிட்டிலோ உள்ள கடைக்கு மதிய வெயிலில் நடந்து போய்ப் போட்டுப் பார்க்காதீர்கள், கை அப்போது சற்று உப்பியிருக்கும். குளிர்சாதனக் கடைக்குள் பத்து நிமிடம் நின்றுவிட்டு மாட்டிப் பாருங்கள்.

நனைந்ததை ஹேர் டிரையரில் காயவைக்கலாமா?

கூடாது. தோல் விறைத்து வெடிக்கும், ஒட்டிய பசையும் விட்டுப்போகும். விரல்களுக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்து மின்விசிறிக்கு அடியில் தொங்கவிடுங்கள், தாளை இரண்டு முறை மாற்றுங்கள். ஈரத்தோடு பைக் பெட்டியில் போட்டு மூடினால் சில நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.